எலுமிச்சை மிளகாயை மிதித்துவிட்டார் அம்மா: நீதியென்னும் மார்க்கவசம் யாருடைய நீதி?

ஹார்பர்லைன் · செவ்வாய், இரவு 10.50

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். அப்பா காலத்து வீடு. அம்மாவுக்கு 67 வயது, ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிறந்ததிலிருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). ஞாயிற்றுக்கிழமை கோயில், அதாவது சர்ச், வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் உபவாச ஜெபம். இரண்டையும் விடமாட்டார்.

மும்பையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் பையன்கள் திருஷ்டிக்காக எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த சரத்தைக் கடை கடையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். போன வாரத்துச் சரம் தெருவில் கிடக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் காய்கறி வாங்கிவிட்டு வந்த அம்மா அப்படிக் கிடந்த ஒன்றை மிதித்துவிட்டார். செருப்பில் ஒட்டிய மிளகாய் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் நின்றது. புதன்கிழமை என் மகனுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை தம்பியின் குவைத் வேலை தள்ளிப்போனது. அவ்வளவுதான், அம்மாவுக்கு மிளகாய் ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே வந்திருந்த வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் (பெயர் வேண்டாம், சபையும் வேண்டாம்) மறுநாளே வீட்டுக்கு வந்தார். நடுவீட்டில் கண்ணை மூடி நின்று, "இந்த வீட்டு மேல ஒரு கட்டு இருக்கு" என்றாராம். 21 நாள் ஜெபம். நாளுக்கு ஒரு சின்ன பாட்டில் அபிஷேக எண்ணெய், ஆக 21 பாட்டில். காணிக்கை 5,000 ரூபாய். தினமும் விடியற்காலையில் ஒரு பாட்டிலை நிலைப்படியில் ஊற்றி, "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். நான் அன்றைக்கு ஆபீஸில் இருந்தேன். இருந்திருந்தாலும் தடுத்திருப்பேனா, தெரியவில்லை.

ஏழாவது நாள் பால் வாங்கக் கதவைத் திறந்த அம்மா, தான் ஊற்றிய எண்ணெயிலேயே வழுக்கி விழுந்தார். வழவழவென்ற டைல்ஸ் வேறு. வலது மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறது, ஆறு வாரம்.

சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். நானே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் டாக்சி பிடித்தேன். ஆனால் திரும்பி வரும்போது அம்மா ஒரு வார்த்தை சொன்னார். "எங்கிட்ட நீதி இல்லல. அதான் காவலும் இல்ல." அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பைபிள் மேஜையிலேயே மூடிக் கிடக்கிறது. எண்ணெய், மிளகாய் எல்லாம் போகட்டும், எனக்கு இதுதான் தாங்கவில்லை.

என் கேள்வி இதுதான். பைபிளில் எபேசியர் 6:14இல், தேவன் தரும் போர்க்கவசங்களில் ஒன்றாக "நீதியென்னும் மார்க்கவசம்" என்று இருக்கிறது. அது யாருடைய நீதி? அம்மாவுடையது என்றால் அம்மா பயப்படுவது சரிதானே? கிறிஸ்துவுடையது என்றால் இத்தனை வருஷம் கோயிலுக்குப் போனவருக்கு அது ஏன் தெரியவில்லை?

பனியன்கடை_மாட்டுங்கா · செவ்வாய், இரவு 11.25

நான் இந்து. தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று எழுதுகிறேன். எங்கள் கடையிலும் சனிக்கிழமைதோறும் கட்டுகிறோம். அப்பா கட்டினார், நானும் கட்டுகிறேன். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் அந்தப் பையன் ஒரு வாரம் வராவிட்டால் கை பரபரக்கும்.

பழையதை வெறுங்கையால்தான் தூக்கிக் குப்பையில் போடுகிறேன். இதுவரை கடை ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், மிளகாய் அவர் பேரில் கட்டினது இல்லை. கை சீக்கிரம் ஆறட்டும்.

கேடகம்91 · புதன், காலை 6.10

பிரதர், அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய விதத்தில் ஒரு கேலி தெரிகிறது, அது வருத்தம். எண்ணெய் பூசுவது வேதத்தில் இருக்கிறது. யாக்கோபு 5:14 பாருங்கள்: சபையின் மூப்பர்கள் "கர்த்தருடைய நாமத்தினாலே அவனுக்கு எண்ணெய்பூசி" ஜெபிக்க வேண்டும். மாற்கு 6:13இலும் சீஷர்கள் எண்ணெய் பூசிச் சுகமாக்கினார்கள். அந்த ஊழியக்காரர் தவறு செய்திருக்கலாம், அதற்காக எண்ணெயையே எலுமிச்சம்பழத்தோடு சேர்க்காதீர்கள். அந்தகார வல்லமைகள் உண்மை. நம்பாதவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

நாசரேத்_பையன் · புதன், காலை 9.05

யாக்கோபு வியாதிக்காரனுக்கு எண்ணெய் பூசச் சொன்னார். டைல்ஸுக்குப் பூசச் சொல்லவில்லை.

21 பாட்டில், 5,000 ரூபாய். இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்று மத்தேயு 10:8இல் யார் சொன்னது? பணத்தைக் கொடுத்து ஆவியானவரின் வரத்தை வாங்க வந்த சீமோனிடம் பேதுரு என்ன சொன்னார்? "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது." அங்கே வாங்க வந்தவன் திட்டு வாங்கினான். இங்கே விற்க வந்தவரை டீ கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

போலீசுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் புனேயில் கொல்லப்பட்ட 2013ஆம் வருஷமே மகாராஷ்டிராவில் பில்லிசூனியத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அது ஒரு மதத்தாருக்கு மட்டுமான சட்டம் இல்லை.

ஹார்பர்லைன் · புதன், காலை 9.40

போலீஸ் வேண்டாம் அண்ணே. அம்மா அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மறுபடி போக வேண்டும், அங்கே அவருக்கு இருக்கும் நாலு தோழிகள் வேறெங்கும் இல்லை. நான் கேட்டது மார்க்கவசம் பற்றி.

டோம்பிவிலி_டீச்சர் · புதன், மதியம் 3.15

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஞாயிறு பள்ளியிலும் பல வருஷம் பாடம் எடுத்தவள். அதனால் மெதுவாகத்தான் வருவேன்.

முதலில் "நீதி" என்ற சொல். நமக்கு நீதி என்றதும் நீதிபதி, நீதிமன்றம். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சான காலத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அது கூண்டில் நிற்கிற உணர்வைக் கொடுத்திருக்கும். 16ஆம் நூற்றாண்டில் சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய மார்ட்டின் லூத்தருக்கும் அப்படித்தான் இருந்தது. "தேவநீதி" என்று ரோமர் 1:17இல் வருகிற சொல்லையே தான் வெறுத்ததாக 1545இல், சாவதற்கு முந்தின வருஷம், தன் நூல்தொகுதியின் முன்னுரையில் எழுதினார். தேவன் தன் நீதியால் நம்மைத் தண்டிக்கிறார் என்றே படித்துவந்தாராம். அதே வசனத்தின் பின்பாதியில் "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று இருப்பதை யோசித்து யோசித்து, இது தேவன் கொடுக்கிற நீதி என்று பிடிபட்டபோது திறந்த கதவுக்குள் நுழைந்ததுபோல இருந்ததாம்.

ஆதியாகமம் 15:6ஐ எடுங்கள். ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தான், "அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." எண்ணினார் என்றால் நினைத்தார் என்று மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். கணக்கு எழுதுகிறவன் வரவு வைப்பதுபோல வைத்தார் என்று, ரோமருக்கும் எபேசியருக்கும் நிருபம் எழுதின பவுல், ரோமர் 4இல் விரிக்கிறார். ஆபிராமின் கையில் அப்போது காட்ட ஒன்றும் கிடையாது. பிள்ளை கூட இல்லை.

இப்போது மார்க்கவசம். பவுல் இந்தப் படத்தை ரோமப் போர்வீரனைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. ஏசாயா 59:17ஐப் பாருங்கள். "அவர் நீதியை மார்க்கவசமாக அணிந்து." அவர் என்றால் கர்த்தர். முந்தின வசனத்தில், பரிந்து பேச ஒரு ஆள் இல்லையே என்று பார்த்துவிட்டு, யாரும் இல்லாததால் தானே அணிந்துகொண்டு இறங்குகிறார். பவுல் "தேவனுடைய சர்வாயுதவர்க்கத்தை" எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அந்த உடுப்பைத்தான். அது வேறொருவர் போட்டுப் பழகின சட்டை. அம்மா தைத்ததும் இல்லை, அம்மா அளவுக்குத் தைத்ததும் இல்லை.

மீதி மாலை எழுதுகிறேன். குக்கர் கூப்பிடுகிறது.

கேடகம்91 · புதன், மாலை 5.30

டீச்சர் அம்மா, நன்றாகச் சொன்னீர்கள். நீதி அவருடையது, ஆமென். ஆனால் பொருள் மூலமாக தேவன் காவல் கொடுப்பதே இல்லை என்று ஆகிவிடாது. அப்போஸ்தலர் 19:12இல் பவுலின் "உறுமால்களையும் கச்சைகளையும்" கொண்டுவந்து போட வியாதிகள் நீங்கின, பொல்லாத ஆவிகள் புறப்பட்டன. கைக்குட்டை சரி, எண்ணெய் தவறா?

டோம்பிவிலி_டீச்சர் · புதன், இரவு 8.20

நல்ல கேள்வி. அடுத்த வசனத்திலேயே பதில் தொடங்குகிறது, அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் படியுங்கள். 13ஆம் வசனத்தில் ஊர் சுற்றும் மந்திரவாதிகள் சிலர் இதைப் பார்த்துவிட்டு, "பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில்" என்று சொல்லி ஆவிகளை ஓட்டப் பார்க்கிறார்கள். ஸ்கேவா என்பவரின் ஏழு மகன்கள். ஆவி திருப்பிக் கேட்கிறது: "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" அடி வாங்கி, துணி இல்லாமல் ஓடுகிறார்கள். சொன்ன பெயரில் குறை இல்லை. அந்தப் பெயருக்கு உரியவரோடு அவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊர் விசுவாசிகளே தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்துகிறார்கள், விலை 50,000 வெள்ளிக்காசு.

எந்த ஊர்? எபேசு! அந்த ஊர்ச் சபைக்குப் போன கடிதத்தில்தான் மார்க்கவசம் வருகிறது. தாயத்தும் மந்திரச் சீட்டும் வைத்திருந்த ஊருக்கு ஒரு காவல் பட்டியல் கொடுக்கிறார்: சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு, தேவவசனம். இதில் எதையாவது வாசலில் கட்டித் தொங்கவிட முடியுமா, சொல்லுங்கள். சரி, இதையே மந்திரப் பட்டியலாக மாற்றிவிடுகிறவர்களும் உண்டு, காலையில் "தலைச்சீரா அணிகிறேன், கச்சை கட்டுகிறேன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லாவிட்டால் அன்றைக்கு அரணில்லை என்று பயப்படுவார்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுலே மார்க்கவசத்தை விசுவாசமும் அன்பும் என்று வேறாகச் சொல்கிறார். 1 தெசலோனிக்கேயர் 5:8. பாகங்களின் பெயர் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். அதே பட்டியலில் விசுவாசமென்னும் கேடகம் என்ற இடத்தில் கிரேக்கத்தில் "துரெயோஸ்" என்ற சொல் இருக்கிறது. "துரா" என்றால் கதவு. கதவுபோல உயரமான கேடகம், ஆள் முழுக்க மறையும். உங்கள் அம்மா நிலைப்படியில் காவல் தேடியதைப் படித்தபோது எனக்கு இது நினைவு வந்தது. கதவுக்குக் காவல் தேடுகிறோம், அங்கே விசுவாசத்தையே கதவாக்கிக் கையில் கொடுத்திருக்கிறது.

அப்புறம், "நில்லுங்கள்", "தரித்துக்கொள்ளுங்கள்" என்பதைத் தமிழில் மரியாதைக்குச் சொன்னதுபோலப் படித்துவிடுகிறோம். மூலத்தில் அது பன்மை. ஒரு ஆளைத் தனியாக நிற்கச் சொல்லவில்லை, ஒரு சபையை நிற்கச் சொல்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைத் தோழிகளிடம் திரும்பப் போக வேண்டும் என்று நீங்கள் எழுதினீர்களே, நாசரேத் தம்பி அதைக் கவனிக்கவில்லை.

நாசரேத்_பையன் · புதன், இரவு 8.45

கவனித்தேன் டீச்சர். கோபத்தில் எழுதிவிட்டேன். எங்கள் சித்தி இதேபோல ஒருவரிடம் வளையலைக் கழற்றிக் கொடுத்தவர்.

மாஹிம்_புதன் · புதன், இரவு 10.00

இப்போதுதான் மாஹிமிலிருந்து வந்தேன், காலெல்லாம் வலி. தெரியாதவர்களுக்கு: நாங்கள் கத்தோலிக்கர். செயின்ட் மைக்கேல் ஆலயத்தில் 1948 முதல் புதன்கிழமைதோறும் இடைவிடா சகாய மாதா நவநாள் நடக்கிறது. கிறிஸ்தவர்கள் பாதி, மற்றவர்கள் பாதி என்று சொல்லலாம், அவ்வளவு கூட்டம். வெளியே மெழுகில் வீடு, கை, கால், குழந்தை என்று விற்பார்கள். வேண்டுதலுக்கு ஏற்றதை வாங்கி உள்ளே வைப்போம். ஹார்பர்லைன், உங்கள் அம்மாவுக்காக இன்று ஒரு மெழுகுக் கை வைத்தேன். வலது கை.

நாசரேத் தம்பி இதையும் எலுமிச்சையில் சேர்ப்பார், சேர்க்கட்டும். எனக்கு அந்தக் கை ஒரு ஜெபம். வரிசையில் நின்று, அது வெயிலில் வளைந்துவிடாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போகிற அந்த ஒரு மணி நேரம் முழுக்க அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருப்பேன். கழுத்தில் உத்தரியம் (பக்திக்காக அணியும் சின்னத் துணித் துண்டு) போட்டிருக்கிறேன், வீட்டில் தீர்த்தம் இருக்கிறது. போட்டுக்கொண்டால் போதும், எப்படியும் வாழலாம் என்று எங்கள் ஃபாதர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். என் மாமியாரே ஒருவர்.

நீதி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பொது மொழிபெயர்ப்பில் (1995) ரோமையர் திருமுகத்தில் "கடவுளுக்கு ஏற்புடையவர்" என்று வரும். நீதிமான் என்றால் எனக்கு நெஞ்சு நிமிர்த்தி நிற்கிற ஆள் ஞாபகம் வருகிறது. ஏற்புடையவர் என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர். உங்கள் அம்மாவுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் டீச்சர் சொன்ன "வரவு வைத்தார்" மட்டும் எங்களுக்குப் போதாது. கடவுள் கணக்கில் எழுதிவிட்டு ஆளை அப்படியே விட்டுவிடுவதில்லை, உள்ளே மாற்றவும் செய்கிறார் என்போம். சட்டை மட்டும் புதுசு, உடம்பு அழுக்கு என்றால் எப்படி?

நாசரேத்_பையன் · புதன், இரவு 10.20

மெழுகுக் கைக்கு வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் விசுவாசத்தினால் மட்டும் என்பதை விட்டுக்கொடுக்க முடியாது அக்கா. ரோமர் 3:28.

மாஹிம்_புதன் · புதன், இரவு 10.35

யாக்கோபு 2:24, தம்பி. எனக்கும் எண் தெரியும்.

இந்தச் சண்டையை 31 அக்டோபர் 1999இல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலக சம்மேளனமும் எங்கள் திருச்சபையும் உட்கார்ந்து பேசி, கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று. நம் தகுதியால் இல்லை, கிறிஸ்துவின் மீட்பை நம்பி அருளால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த அருளே நம்மை நற்செயலுக்குத் தகுதியாக்குகிறது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சயான் கோலிவாடாவில் ஒரு அம்மா சாப்பிடாமல் இருக்கும்போது நாம் 16ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டாம்.

கேடகம்91 · வியாழன், காலை 6.05

அருள், அறிக்கை எல்லாம் சரி. ஆனால் காவல்? 91ஆம் சங்கீதம் பொய்யா? "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." நான் தினமும் இதை அறிக்கை செய்கிறேன். என் பெயரே அதுதான். விசுவாசத்தோடு நின்றால் வாதை வீட்டுக்குள் வராது. வந்தால் எங்கேயோ ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஹார்பர்லைன் வீட்டில் அந்த வாசல் எது என்று ஜெபத்தில் கேட்க வேண்டும்.

குர்லா_கார்ஷெட் · வியாழன், இரவு 11.50

பகல் முழுக்க மேலே இருப்பதைப் படித்துப் படித்து மூடிவிட்டேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டுக் கதவிலும் அந்தச் சங்கீதம் இருந்தது. நான் கையால் எழுதி, லேமினேட் பண்ணி ஒட்டினது. 2021 ஏப்ரலில் என் மனைவி போய்விட்டாள். 41 வயது. ஆக்சிஜன் வைத்த கட்டிலுக்கு அலைந்த கதையை எழுத மாட்டேன், மும்பையில் அந்த மாதத்தில் எல்லாரிடமும் அந்தக் கதை இருந்தது. கடைசி நாள் போனிலும் நான் அதே வசனத்தைத்தான் வாசித்தேன். அவள் "சரி" என்றாள்.

ஒரு வருஷம் அந்தத் தாளைக் கிழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் ஒரு சகோதரர் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். எழுந்து போகும்போது, "வீட்டில் ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருந்ததா பிரதர்?" என்று கேட்டார். கேடகம்91, நீங்கள் இன்று காலையில் எழுதிய "வாசல்" அதே கேள்விதான். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், தெரியும். அவரும் நல்லவர்தான். மாதச் சாமான் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வியாதி என் மனைவியைக் கொண்டுபோனது. அந்தக் கேள்வி என்னைத் தினமும் கொண்டுபோனது. பெண்ணைப் பள்ளிக்கு விடும்போது, டிபன் கட்டும்போது, ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. எந்தப் பாவம், எந்த நாள், அவளுடையதா என்னுடையதா. வேதத்தில் அக்கினியாஸ்திரம் என்று படிப்போமே, எனக்கு அது ஆஸ்பத்திரியில் வரவில்லை. அந்தச் சோபாவில் வந்தது.

ஒருநாள் மத்தேயு 4ஐ வாசித்தபோது நின்றுவிட்டேன். தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, தேவதூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்று 91ஆம் சங்கீதத்தை இயேசுவுக்குச் சொல்கிறவன் யார் என்று பாருங்கள். அதைச் சொன்னவனே பிசாசு. சங்கீதம் பொய் என்று சொல்ல வரவில்லை. இயேசு குதிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன். சிலுவையிலும் இறங்கவில்லை.

இப்போது என் கதவில் வேறு வசனம். ரோமர் 8:33. "தேவன் தெரிந்துகொண்டவர்கள்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் யார்? தேவனே அவர்களை நீதிமான்களாக்குகிறவர்." நெஞ்சில் அடிக்கிற அந்தக் கேள்விக்கு முன்னால் வைக்க எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் எல்லா நாளும் பிடிக்க வருவதில்லை, சில நாள் கை ஓய்ந்துவிடும்.

ஹார்பர்லைன், அம்மாவைச் சாப்பிட வையுங்கள்.

கேடகம்91 · வெள்ளி, காலை 5.40

பிரதர், மன்னியுங்கள். ராத்திரி தூங்கவில்லை. நானும் சிலரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

டோம்பிவிலி_டீச்சர் · வெள்ளி, காலை 11.00

குர்லா தம்பி எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க அதிகம் இல்லை. சகரியா 3ஐ மட்டும் வாசித்துக் காட்டுங்கள், ஹார்பர்லைன். யோசுவா என்ற பிரதான ஆசாரியன் அழுக்குத் துணியோடு நிற்கிறான். வலது பக்கத்தில் சாத்தான், குற்றம் சொல்ல. துணி அழுக்கு என்பது உண்மை, அங்கே யாரும் மறுக்கவில்லை. யோசுவா ஒரு வார்த்தை பேசவில்லை. கர்த்தர் சாத்தானைக் கடிந்துகொள்கிறார், "அழுக்கு வஸ்திரங்களைக் களைந்துபோடுங்கள்" என்று சொல்லி வேறு உடுப்பு கொடுக்கச் சொல்கிறார். அந்த அதிகாரம் முழுக்க யோசுவா செய்தது, உடுத்தும்போது நின்றது மட்டும்.

"வாசல்" பற்றி ஒன்று. எபேசியர் நிருபத்திலேயே "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்று 4:27இல் இருக்கிறது. முன்னால் என்ன இருக்கிறது? பொய் பேசாதே, பொழுது சாய்வதற்குள் கோபத்தை விடு. பின்னால்? திருடினவன் இனித் திருடாமல் உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும். பவுலுக்குத் தெரிந்த வாசல்கள் இவைதான். தெருவில் கிடக்கிற பழம் அந்தப் பட்டியலில் இல்லை. மாஹிம் அக்கா, நீங்கள் சொன்ன உள் மாற்றத்துக்கும் இது போதும் என்று நினைக்கிறேன், சண்டை வேண்டாம்.

ஹார்பர்லைன் · ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், மனசு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். பனியன்கடைக்காரர் எழுதியதற்குச் சிரித்தார். "அந்தப் பிள்ளைகிட்ட பயம் இல்ல பாரு, எனக்குத்தான் பயம்" என்றார். மெழுகுக் கை பற்றி, "நம்ம முறை இல்ல" என்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "யாரு பெத்த பிள்ளையோ, வெயில்ல நின்னிருக்கு" என்றார். குர்லா அண்ணன் எழுதியதை வாசித்தபோது ஒன்றும் பேசவில்லை. இடது கையால் முந்தானையை எடுத்துக்கொண்டார்.

சகரியா 3ஐ இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "அழுக்குன்னு தெரிஞ்சேதான் மாத்தினாராலே?" ஆமாம் என்றேன். "அப்ப எனக்குத் தெரிஞ்ச அழுக்கு அவருக்கும் தெரியும்லா."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று. பாட்டியின் பாம்படம் (பழைய காலத்துக் காதணி) ஒரு ஜோடி எங்கள் பீரோவில் இருக்கிறது. பாட்டி போனபோது பெரியம்மாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று பேச்சு. 1996இல் ஏதோ சண்டையில் அம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு மும்பை வந்துவிட்டார். எனக்கு இது தெரியவே தெரியாது. எண்ணெய் ஊற்றின நாளெல்லாம் இது ஞாபகம் வந்ததாம், ஊழியக்காரரிடம் சொல்லவில்லையாம். நேற்றுப் பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். பத்து நிமிஷம் பாம்படத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை, முழங்கால் வலி, மழை, யார் யாருக்குக் கல்யாணம். வைக்கப்போகும்போது, "அக்கா, ஒன்னுட ஒண்ணு எங்கிட்ட இருக்கு, கொடுத்து விடுதேன்" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரியம்மா, "இப்ப காதுல போடவா போறேன், கொண்டா" என்றார்.

இன்று காலையில் கோயிலுக்கு வந்தார். ஐயரிடம் (எங்கள் சபைப் போதகர்) மாவுக்கட்டைக் காட்டி, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார், எதில் என்று சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் இன்னும் சரியாகவில்லை, கம்ப்ரஸர் மாற்ற வேண்டுமாம். தம்பியின் வேலையும் அப்படியேதான் இருக்கிறது.

நிலைப்படியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன், மூன்று தடவை. இன்னும் 14 பாட்டில் மீதி இருக்கிறது. என்ன செய்யலாம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

பனியன்கடை_மாட்டுங்கா · ஞாயிறு, இரவு 9.50

என்ன எண்ணெய் அது?

ஹார்பர்லைன் · ஞாயிறு, இரவு 9.55

ஆலிவ் மாதிரி வாசனை. கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டுக்குத் தேய்க்க வைத்திருக்கட்டும் என்கிறார்.